மருந்துக்கு மசியாத கிருமிகளும் கமக்காரரும்

மனிதர், கால்நடைகள் ஆகியோரின் குடலில் எண்ணிறந்த பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கு செய்வனவல்ல. எனினும் சில, நுண்ணுயிரெதிரி மருந்துகளுக்கு மசியாத தன்மையைப் பெற்றுவிடுகின்றன. அவற்றைக் காவுபவர் நோயாளியாகத் தோன்றார். வழக்கம்போல் வயலுக்குச் சென்று வருவார். அக்கிருமி சிறுநீர்ப்பையையோ மண்வெட்டி பட்ட காயத்தையோ அடைந்து பெருகும்போதே அபாயம் புலப்படும். வழக்கமான குளிசைகள் அப்போது பயன்படா. உயிருக்கே இடர் நேரலாம்.

அண்மையில் நுண்ணுயிரெதிரி உட்கொண்டோரும் வைத்தியசாலையில் தங்கியோரும் இவற்றைக் காவுதல் கூடுதலாகும். மருந்து மற்றைய கிருமிகளை அழித்து, மசியாதனவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கின்றது. ஒரே களைகொல்லியை ஆண்டுதோறும் தெளித்த வயலில், அதற்கு மசியாத களை பெருகுவதைக் கண்டோருக்கு இது புதுமையன்று. தடிமனுக்கு இம்மருந்தை வாங்கி விழுங்குதல் வீண். தடிமனை உண்டாக்குவது வைரசு.

2017 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஒல்லாந்து ஆராய்ச்சியில், தென்னாசியாவுக்குச் சென்று மீண்ட பிரயாணிகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 75 பேர் இத்தகைய குடற்கிருமியைப் புதிதாகப் பெற்றிருந்தனர். ஒரே வீட்டில் வாழ்ந்தோர் சிலருக்கும் அது பரவியது. நமது நாடும் இப்பிரதேசத்தைச் சேர்ந்ததே.

கால்நடைகளை வளர்ப்போர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். கொலிஸ்ரின் என்னும் மருந்து, வேறு மருந்துகள் பயன்படாத நோயாளருக்கென வைக்கப்பட்டது. அதற்கு மசியாத தன்மை ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவல்லது என்பது 2015 இல், சீனாவிற் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளரிலும் கண்டறியப்பட்டது. 2017 இல் அந்நாடு கால்நடைகளின் வளர்ச்சியைத் தூண்டுதற்காக அம்மருந்தைத் தீனியிற் சேர்ப்பதைத் தடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் விலங்குகளிலும் மனிதரிலும் இக்கிருமிகள் குறைந்தன. ஆதலால், கோழிகள் கொழுக்கவென மருந்து கலந்த தீனியை இடுதல் ஆகாது. நோயுற்றாற் கால்நடை வைத்தியரை நாடுக.

மரக்கறித் தோட்டத்துக்குக் கோழியெரு சிறந்த பசளையே. பச்சையாக இடுவதே தவறு. வைக்கோலுடன் கலந்து ஈரமாகக் குவித்து, உட்பகுதி 55 பாகை சதமவளவைக்குக் குறையாத வெப்பத்தில் 15 நாட்களாவது இருக்கும்படி செய்தல் வேண்டும். அக்காலத்துள் 5 முறையேனும் வெளிப்புறம் உட்புறமாகப் புரட்டுக. நடுவிற் செருகிய இரும்புக் கம்பி கையாற் பற்ற இயலாதவாறு சுடுமாயின் குவியல் நன்கு வேகின்றது எனக் கொள்ளலாம். இதனாற் கிருமிகள் வெகுவாகக் குறையும். முற்றாக ஒழியும் எனக் கூறுதற்கில்லை. பச்சையெரு இட்ட நிலத்தில், மண்ணைத் தொட்டு வளரும் பயிரை 120 நாட்கள் கழியுமுன் அறுவடை செய்யலாகாது. சம்பலுக்கென அடிக்கடி அறுக்கும் வல்லாரைப் பாத்திக்கு அதனை ஒருபோதும் இடற்க; வல்லாரையைச் சமைக்காமலே உண்கின்றோம்.

எருவைக் கையாண்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. காயமிருப்பின் மூடிக்கொள்க. எருக்குவியலைக் கிணற்றுக்குத் தூரமாக, மழைநீர் கிணற்றை நோக்கி ஓடாத பக்கத்தில் அமைக்குக. நோய்ப்பட்டு வைத்தியரிடம் செல்லுங்கால், அண்மையில் உட்கொண்ட மருந்துகளையும் வீட்டிற் கோழி மாடு வளர்ப்பதையும் கேளாமலே கூறுக.