ஓரத்துல நிக்கிறவரைப் பாருங்க

மேலூர், உசிலம்பட்டி பக்கம் கபடி பார்க்கப் போனா, நம்ம கண்ணு எல்லாம் பாடி வர்றவர் மேலதான் இருக்கும். அடுத்த தடவை ஓரத்துல நிக்கிற கார்னரைப் பாருங்க. அமெரிக்கன் ஃபுட்பால்ல லைன்பேக்கர் பார்க்கிற வேலைதான் இவருக்கும்: எதிராளி எந்தப் பக்கம் போவார்னு முன்கூட்டியே கணிச்சு, ஆளைச் சாய்க்கணும்.

இதுல நாம படிக்க வேண்டிய ஆள், தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன். 1975-ல் பிறந்தவர். 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கினப்பவே வயசு 39. 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனா கோப்பை. அதே வருஷம் அகமதாபாத்தில் இந்திய அணியோட உலகக் கோப்பை. 41 வயசுல!

எப்படி? அவரோட ஆயுதம் கணுக்கால் பிடி. ரெய்டர் தொடறதுக்காக ஒரு காலை நீட்டும்போது, உடம்போட எடை பெரும்பாலும் இன்னொரு கால்லதான் இருக்கும். அந்த நொடியில நீட்டின காலைப் பிடிச்சா, ஊன்றித் திரும்ப அவருக்கு வழியில்லை. (முதல் வருஷ மெக்கானிக்ஸ்ல தூங்கினவங்க இங்க விழிச்சுக்கலாம்.) கொஞ்சம் முந்திப் பாய்ஞ்சா போச்சு: ரெய்டருக்கு பாயிண்ட், பாய்ஞ்சவர் வெளியே. ஒரு ரெய்டு 30 செகண்ட். அதுல முக்கால்வாசி நேரம் காத்து நிக்கிறதுதான் கார்னரோட வேலை. வேகம் வயசோட குறையும்; இந்தக் கணிப்பு ஆட ஆடக் கூடும். அதனாலதான் தன்னைவிட இருபது வயசு சின்னப் பசங்களையும் அவரால மடக்க முடிஞ்சது.