மூலக்கூறுகளுக்கு வரைபடம் தந்த மேதை

மதுரைக்கு வருவோர் பலர் இறங்கும் இடம் மாட்டுத்தாவணி. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீண்ட கயிறு. மாட்டுச் சந்தைக்கும் அதுவே பெயர். கயிற்றில் கட்டிய மாடு இப்படியும் அப்படியும் திரும்பலாம். ஆனால், பக்கத்து மாட்டின் மேல் இடிக்காத அளவுக்கே திரும்ப முடியும். அணுக்களுக்கும் இது பொருந்தும். அதைக் கணக்கிட்டுக் காட்டி உலகப்புகழ் பெற்றவர் ஜி. என். இராமச்சந்திரன்.

1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்த அவர், திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி செய்தார். 1952-இல், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

அங்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் இது. அதன் மூலக்கூறில் மூன்று இழைகள் இருப்பதாக, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் அறிவித்தார். மறு ஆண்டே, அம்மூன்றும் கயிறுபோல் முறுக்கியிருப்பதாக விளக்கினார்.

உடனே மறுப்பும் வந்தது. “உங்கள் அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன” என்ற கருத்தில் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை கூறினர். மூவிழைக் கருத்து நிலைத்தது. நுணுக்க விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டன.

இராமச்சந்திரன் வாதத்தோடு நிற்கவில்லை. ‘அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்?’ என்று கேட்டார். அதுவரை வெளிவந்திருந்த படிக ஆய்வுகளிலிருந்து அத்தூரங்களைத் திரட்டினார்.

புரதம் என்பது அமினோ அமிலங்களாலான சங்கிலி. இரு அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்பு எளிதில் திரும்பாது. ஆனால், ஒவ்வோர் அமினோ அமிலத்தின் நடுக் கார்பனுக்கும் இருபுறமுள்ள பிணைப்புகள் திரும்பும். ஒரு கோணத்தை x அச்சிலும் மற்றதை y அச்சிலும் குறியுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிலை. அணுக்கள் இடித்துக்கொள்ளும் நிலைகளை நீக்கினால், வரைபடத்தில் எஞ்சுபவை சில தீவுகளே! புரதங்களில் காணும் ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் அத்தீவுகளில்தான் அமைகின்றன. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-இல் அவர் வெளியிட்ட இப்படமே ‘இராமச்சந்திரன் வரைபடம்’.

இப்போது ஒரு கேள்வி. கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்கு மட்டும் இத்தீவுகள் மிகப் பெரியவை. ஏன்? மற்றவற்றில் பக்கத்தொகுதி இருக்கும் இடத்தில் கிளைசினுக்கு வெறும் ஹைட்ரஜன் அணுதான் உண்டு. ஆகவே இடிப்பது குறைவு. கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக இருப்பதும் இதனோடு தொடர்புடையதே. மூவிழையின் நெருக்கமான நடுப்பகுதியில் வேறெதற்கும் இடமில்லை.

அவருக்கு 1961-இல் பட்நாகர் பரிசும், 1977-இல் இலண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும், 1999-இல் படிகவியலுக்கான எவால்ட் பரிசும் கிடைத்தன. நோபல் பரிசு கிடைக்கவில்லை. 2001-இல் சென்னையில் காலமானார்.

எனினும், இன்று உலகில் எங்கு ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், கணிப்பொறி அதை ஊகித்துக் கூறினாலும், ‘இராமச்சந்திரன் வரைபடத்தில் சரியாக விழுகிறதா?’ என்று பார்க்கிறார்கள். பதக்கங்களின் பட்டியல் மறந்துபோகலாம். அன்றாடம் பயன்படும் பெயர் மறையாது.

உங்கள் விடையில் யாரேனும் பிழை கண்டால் சோர்ந்துவிடாதீர்கள். அது எங்கே, எவ்வளவு என்று அளந்து பாருங்கள். இராமச்சந்திரன் செய்தது அதைத்தான்.