நார்வே நாட்டு நரம்பிசை

ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்குக் கோடியில் அமைந்துள்ளது நார்வே நாடு. அதன் ஒரு பால் கடல். ஒரு பால் மலை. கடலானது மலையைப் பிளந்துகொண்டு பல கல் தொலைவு நாட்டினுள்ளே புகுந்து கிடக்கும். அக்கடற்கால்களின் கரையில், செங்குத்தான பாறைகளுக்கிடையே கிடைத்த சிறு நிலங்களை உழுது, உழவர் குடிகள் தனித்தனியே வாழ்ந்து வந்தன. பனிக்காலம் வந்துவிட்டால் ஒரு பள்ளத்தாக்கினர் அடுத்த பள்ளத்தாக்கினரைக் காண்பதும் அரிது. அதனால் பள்ளத்தாக்குத்தோறும் பேச்சு வேறுபட்டது; உடை வேறுபட்டது; இசையும் வேறுபட்டது.

இந்நாடு நானூறு ஆண்டுகளுக்கு மேல் டென்மார்க்கு மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பள்ளியிலும் தேவாலயத்திலும் அறமன்றத்திலும் டேனிய மொழியே எழுத்து மொழியாய் வழங்கிற்று. 1814-ஆம் ஆண்டில் நார்வே டென்மார்க்கினின்றும் பிரிந்து, தனக்கென ஓர் அரசியலமைப்பை வகுத்துக்கொண்டது. எனினும் முழு உரிமை அதற்கு வாய்க்கவில்லை. சுவீடன் மன்னரையே தன் மன்னராகவும் ஏற்று, 1905-ஆம் ஆண்டு வரை அந்நாட்டோடு பிணைந்திருக்க வேண்டியதாயிற்று.

நகரங்களில் இசைக்குக் குறைவில்லை. பெர்கன் என்னும் துறைமுக நகரில் 1765-ஆம் ஆண்டிலேயே ஓர் இசைக் கழகம் தோன்றியது. ஆயினும் நகரமாந்தர் போற்றிக் கேட்டது செருமானியர் இசையும் இத்தாலியர் இசையுமே. தம் வீட்டுக்குப் பின்னே நின்ற மலையில் ஒலித்த இசையை அவர்கள் இசையென எண்ணினாரல்லர்.

அம்மலையிசைக்கு உறைவிடமாய் இருந்தது ஹார்டாங்கர் பிடில் என்னும் கருவி. ஹார்டாங்கர் என்பது மேற்குக் கரையிலுள்ள ஒரு நிலப்பகுதியின் பெயர். இவ்வகைக் கருவிகளுள் மிகப் பழையது எனக் கூறப்படுவது 1651-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பார்வைக்கு இது நாம் அறிந்த பிடிலைப் போன்றதே. ஆனால் வில் படும் நான்கு நரம்புகளுக்குக் கீழே நான்கோ ஐந்தோ மெல்லிய நரம்புகள் வேறு கட்டப்பட்டிருக்கும். வில் அவற்றைத் தீண்டுவதில்லை, விரலும் தீண்டுவதில்லை. மேல் நரம்பு ஒலிக்குங்கால் அவ்வதிர்வை ஏற்றுக் கீழ் நரம்புகள் தாமே மெல்ல ஒலிக்கும். வாசிப்பவர் வில்லை எடுத்த பின்னரும் அவ்வொலி சிறிது நேரம் தங்கி நிற்கும். மேலும், நரம்புகளைத் தாங்கும் குதிரை சற்றுத் தட்டையாய் இருத்தலின், இரண்டு நரம்புகள் எப்பொழுதும் சேர்ந்தே முழங்கும். ஒருவர் வாசிக்க, மூவர் வாசிப்பது போலத் தோன்றும். உழவர்கள் இக்கருவியைப் பொன்னேபோல் போற்றினர். முத்துச்சிப்பி பதித்து, மையினால் கொடியும் பூவும் வரைந்து, தலைப்புறத்தில் சிங்க முகமோ மங்கை முகமோ செதுக்கி அழகு செய்தனர்.

இக்கருவியைக் கற்பிப்பவன் அருவியில் வாழும் ஒரு பூதம் என்பது நாட்டுப்புறத்தார் நம்பிக்கை. வியாழக்கிழமை மாலையில் அருவிக்கரைக்குச் சென்று, அப்பூதத்திற்கு இறைச்சி படைத்தல் வேண்டும். படைத்தது நிறைவாய் இருப்பின், பூதம் மாணவனின் கையைப் பற்றி, விரல் நுனியில் குருதி கசியும் வரை நரம்பின்மீது தேய்க்கும். அதன் பின்னர் அவன் வாசித்தால் மரங்களும் ஆடும். எலும்பில் தசை குறைவாய் இருப்பின், நரம்பைச் சுருதி கூட்ட மட்டும் கற்பித்து அனுப்பிவிடும்! சுருதி கூட்டுதலும் எளிதன்று. இக்கருவிக்கு இருபதுக்கு மேற்பட்ட சுருதி முறைகள் உண்டு.

திருமணமாயினும் திருவிழாவாயினும் பிடில்காரர் இன்றி அந்நாளில் ஒன்றும் நடைபெறாது. மணமக்களைத் தேவாலயத்திற்கு அழைத்துச் செல்ல ஒரு பண். விருந்திற்கு ஒரு பண். ஆடலுக்குப் பல பண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. சமயப் பற்று மிகுந்த சிலர், ஆடலுக்கும் குடிக்கும் துணைபோகும் இக்கருவி பேயின் கருவி என்று பழித்தனர். அச்சொல்லை நம்பிப் பிடில்காரர் சிலர் தம் கருவியைத் தம் கையாலேயே தீயிலிட்டனர். வேறு சிலர் பரணில் மறைத்து வைத்தனர். அறியாமை என்று இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. எரித்தவர்களும் அக்கருவியை நேசித்தவர்களே என்பதுதான் இதில் துயரம் தருவது.

எழுதி வைக்காத இசை ஆகையால், கருவியோடு பண்ணும் அழிந்தது. ஒரு பிடில்காரர் தம் மகனுக்கோ மாணவனுக்கோ விரல் வழியே கற்பிக்காமல் இறந்தால், அவர் அறிந்த பண்களும் அவரோடு புதைக்கப்பட்டன.

இந்நிலையில் மலையிசையை நகரத்தார் செவிக்குக் கொண்டு வந்தவர் ஓலே புல். 1810-ஆம் ஆண்டில் பெர்கன் நகரில் பிறந்த இவர், பிடில் வாசிப்பில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் வியந்த பெருங்கலைஞர். இளமையில் நாட்டுப்புறப் பிடில்காரரிடம் கேட்ட இசையை இவர் மறந்தாரல்லர். அவர்களுள் தலைசிறந்தவர் டெலிமார்க்குப் பகுதியைச் சேர்ந்த டோர்கெய்ர் ஔகுன்சன். மாவரைக்கும் ஆலைக்காரரின் மகனாதலின், 'ஆலைக்காரப் பையன்' என்று பொருள்படும் மில்லர்குட்டன் என்னும் பெயரே இவருக்கு நிலைத்தது. தாம் காதலித்த பெண் தம்மை விடுத்து வேறொருவரை மணந்தபோது, அத்துயரத்திலே இவர் அமைத்ததாகக் கூறப்படும் மணப் பண் ஒன்று இன்றும் வழங்குகிறது. 1849-ஆம் ஆண்டில் ஓலே புல் இவரைத் தலைநகராகிய கிறிஸ்டியானியாவுக்கு அழைத்து வந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் திரண்ட அரங்கிலே தம்மோடு நிறுத்தி வாசிக்கச் செய்தார். உழவர் குடியிற் பிறந்த ஒருவர், உழவரின் பண்ணை, உழவரின் கருவியிலே, பெருமக்கள் முன்னிலையில் வாசித்தார். அடுத்த ஆண்டில் ஓலே புல் பெர்கனில் நார்வே மொழி நாடக அரங்கு ஒன்றையும் நிறுவினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இப்சன் இளமையில் பணியாற்றிய அரங்கு அதுவே.

ஏறத்தாழ அதே காலத்தில் லுட்விக் லிண்டெமன் என்னும் தேவாலய இசைஞர், பல்கலைக்கழகத்தின் பொருளுதவியோடு மலைநாட்டுப் பகுதிகளில் சுற்றித் திரிந்து, முதியோர் வாயினின்றும் பாடல்களைக் கேட்டு எழுதினார். 1853 முதல் அவர் வெளியிட்ட தொகுதிகளில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பண்கள் இடம்பெற்றன. பியானோவில் வாசிப்பதற்கு ஏற்றவாறு அவற்றைச் சற்றே திருத்தி அமைத்தமையால், மலையின் கரடுமுரடு அவற்றில் ஓரளவு தேய்ந்துவிட்டது. ஆயினும் பின்வந்தோர்க்கெல்லாம் அத்தொகுதியே கருவூலமாயிற்று.

அவ்வாறு பின்வந்தோருள் முதல்வர் எட்வர்ட் கிரீக். இவர் 1843-ஆம் ஆண்டு சூன் 15-ஆம் நாள் பெர்கனில் பிறந்தார். பியானோ ஆசிரியையாகிய தாயே இவருக்கு முதல் ஆசான். 1858-ஆம் ஆண்டுக் கோடையில் உறவினராகிய ஓலே புல் இவர் இல்லத்திற்கு வந்தார். பதினைந்து வயதுச் சிறுவனின் வாசிப்பைக் கேட்டார். இவனைச் செருமனியிலுள்ள லைப்சிக் இசைக் கல்லூரிக்கு அனுப்புக என்று பெற்றோரிடம் வற்புறுத்தினார். அங்கே இவர் கற்ற நாளில் கடுநோய் ஒன்று தாக்க, ஒரு நுரையீரல் பழுதுற்றது. வாழ்நாள் முழுவதும் மூச்சுத் திணறலோடு வாழ்ந்தவர் இவர்.

லைப்சிக்கில் கற்றது செருமானியர் இசை. தம் நாட்டு இசையின்பால் இவர் உள்ளத்தைத் திருப்பியவர் ரிக்கார்டு நூர்ட்ரோக் என்னும் இளைஞர். 1864-ஆம் ஆண்டில் முதன்முதல் பொது மேடையில் பாடப்பெற்ற நார்வே நாட்டுப்பண்ணுக்கு இசை அமைத்தவர் இவரே; பாட்டை எழுதியவர் இவருடைய உறவினரான பியர்ன்சன். அதே ஆண்டில்தான் கிரீக்கும் நூர்ட்ரோக்கும் கோபன்ஹேகன் நகரில் நெருங்கிப் பழகினர். ஈராண்டு கழிவதற்குள் நூர்ட்ரோக் இருபத்து மூன்று வயதிலே காசநோய்க்கு இரையானார். அவருக்காகக் கிரீக் ஓர் இரங்கற்பண் அமைத்தார். நாற்பத்தோராண்டுகளுக்குப் பின்னர்க் கிரீக்கின் இறுதி ஊர்வலத்திலும் அப்பண்ணே ஒலித்தது.

1868-இல் அமைத்த பியானோப் பேரிசையாலும், இப்சனின் 'பேர் கின்ட்' நாடகத்திற்காக அமைத்து 1876-இல் அரங்கேறிய இசையாலும் கிரீக்கின் புகழ் உலகெங்கும் பரவியது. இவற்றைப் பலரும் அறிவர். பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு.

1888-ஆம் ஆண்டில் கிரீக்குக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் டெலிமார்க்குப் பகுதியில் டின் என்னும் ஊரைச் சேர்ந்த கினூட் டாலே என்னும் பிடில்காரர். மில்லர்குட்டனிடமும் வேறு முதுபெரும் கலைஞரிடமும் நேரிற் கற்ற பண்கள் தம்மிடம் இருப்பதையும், தாம் இறந்தால் அவையும் அழிந்துபோகும் என்னும் கவலையையும் அவர் கிரீக்கிடம் முறையிட்டுக்கொண்டார். அவருக்குச் சுரக்குறிப்பு எழுதத் தெரியாது. கிரீக்குக்கோ பிடில் வாசிக்கத் தெரியாது. கிரீக் அன்போடு விடையிறுத்தார்; ஆனால் காரியம் நடைபெறவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. இத்துணைக் காலம் அவர் வாளாவிருந்தது முறையோ என்று இன்று கேட்கத் தோன்றுகிறது. நோயும் பயணமும் அவரை அலைக்கழித்தன என்பது உண்மையே; முதுமை எவருக்காகவும் காத்திராது என்பதும் உண்மையே. நல்வினையாக, முதியவர் உயிரோடிருந்தார், உள்ளமும் தளர்ந்தாரல்லர். 1901-இல் அவர் மீண்டும் எழுதினார்.

இம்முறை கிரீக் காலம் தாழ்த்தவில்லை. கிறிஸ்டியானியாவிலிருந்த தேசிய நாடக அரங்கின் இசைத் தலைவர் யோஹான் ஹல்வோர்சன் சிறந்த பிடில் கலைஞர். அவரை இப்பணிக்கு வேண்டினார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில், அறுபத்தேழு வயது நிரம்பிய டாலே தலைநகர் வந்து சேர்ந்தார். முதியவர் வாசித்தார், ஹல்வோர்சன் கேட்டு எழுதினார். எழுதுவது எளிதாயில்லை. மூன்று தாளம் கொண்ட ஆடற்பண் என்றால், டெலிமார்க்கில் அம்மூன்றும் ஒத்த அளவினவாய் இரா. ஒன்று நீளும், ஒன்று குறுகும். கோடு போட்ட தாளிலே அதனைக் காட்டும் வழியில்லை. இடையிடையே ஓடும் சிறு நெளிவுகளும் நடுக்கங்களும் நீரோட்டத்தில் விரையும் சிறு மீன்களைப் போன்றவை என்றும், பிடிக்க முயன்றால் மறைந்துவிடுகின்றன என்றும் ஹல்வோர்சன் கிரீக்குக்கு எழுதினார். விடாது முயன்று பதினேழு பண்களை எழுதி முடித்தார்.

அவற்றைப் பெற்ற கிரீக் மகிழ்ந்தார், அஞ்சவும் அஞ்சினார். பிடிலுக்குரிய இப்பண்களைப் பியானோவுக்கு மாற்றுவது ஒரு பாவம் என்றும், ஆயினும் என்றேனும் ஒரு நாள் அப்பாவத்தைத் தாம் செய்தே தீர்வார் என்றும் ஒளியாமல் எழுதினார். 1903-ஆம் ஆண்டில் அப்பண்கள் 'ஸ்லோட்டர்' என்னும் பெயரில் அச்சேறின. நாட்டுப்புற ஆடற்பண்களுக்கு நார்வே மக்கள் வழங்கும் பெயர் அது. கிரீக்கின் பியானோ அமைப்பு ஒரு நூலாகவும், ஹல்வோர்சன் எழுதிய பிடில் பண்கள் ஒரு நூலாகவும் உடன் வெளிவந்தமை கருதத்தக்கது. தாம் மாற்றியது எது, முதியவர் வாசித்தது எது என்று எவரும் ஒப்பிட்டுக் காணலாம். பண்களுக்குரிய பழங்கதைகளையும் கிரீக் உடன் சேர்த்தார். கிவ்லே என்னும் பள்ளத்தாக்கில் ஆடு மேய்த்த மங்கையர் மூவர் கொம்பு ஊதினர். தேவாலயத்தில் வழிபட்டுக்கொண்டிருந்தோர் அவ்வொலியில் மயங்கி வெளியே வந்துவிட்டனர். சினந்த குரு சபிக்க, மூவரும் மந்தையோடு கல்லாயினர். அம்மங்கையர் ஊதியதாகக் கூறப்படும் பண்ணும் அத்தொகுதியில் உண்டு.

கிரீக் 1907-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் இயற்கை எய்தினார். பெர்கனுக்கு அருகே கடற்காலின் கரையிலுள்ள தம் இல்லத்தை ஒட்டிய பாறையைக் குடைந்து, அதனுள் அவர் சாம்பலை வைத்தனர். டாலே அவருக்குப் பின்னும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து, தம் பேரர்களுக்குப் பண்களைக் கற்பித்தார். ஏட்டிற்குள் அடங்காத தாளமும் நெளிவும் அவ்வழியே உயிர்பெற்று நின்றன. ஹல்வோர்சனும் சும்மா இருந்தாரல்லர். தாமே ஹார்டாங்கர் பிடிலைக் கற்று, 1905-இல் அருவிப் பூதத்தைப் பற்றிய நாடகத்தின் இசையில் அக்கருவியைப் பல்லிசைக் குழுவின் நடுவே ஒலிக்கச் செய்தார்.

அதன் பின்னர் நார்வேயின் இசைஞர் பலர் தம் பள்ளத்தாக்குகளின் இசையை நாடிச் சென்றனர். 1940 முதல் 1945 வரை நாடு செருமானியப் படையின் பிடியில் இருந்தபோது, ஹரால்ட் சேவெருட் என்பவர் நாட்டுப்புற ஆடற்பண்ணின் நடையிலேயே ஓர் எதிர்ப்புப் பண் அமைத்து, நாட்டின் உள்ளே போராடிய பெரியோர்க்கும் சிறியோர்க்கும் அதனைக் காணிக்கையாக்கினார்.

ஹார்டாங்கர்ப் பகுதியில் வாழ்ந்த கெய்ர் ட்வெயிட் என்பவர் அங்கு வழங்கிய பண்களைப் பெருந்தொகையாகத் திரட்டினார். ஹார்டாங்கர் பிடிலுக்கும் பல்லிசைக் குழுவுக்குமாக இரு பேரிசைகளும் அமைத்தார். 1970-ஆம் ஆண்டில் அவருடைய மரவீடு தீப்பற்றியது. வாழ்நாள் முழுவதும் எழுதிய ஏடுகளில் பெரும்பகுதி எரிந்து போயிற்று. எழுதாமையால் அழிந்த இசை முன்பு உண்டு. இங்கே எழுதிய பின்னும் அழிந்தது. மனம் உடைந்த ட்வெயிட் 1981-இல் காலமானார். விளிம்பு கரிந்து எஞ்சிய தாள்களையும், வானொலி நிலையத்தின் பழைய ஒலிப்பதிவுகளையும், வேறிடங்களில் தங்கியிருந்த படிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, அவருடைய படைப்புக்களைப் பின்வந்தோர் ஒவ்வொன்றாக மீட்டு வருகின்றனர். 'பால்டரின் கனவுகள்' என்னும் அவருடைய ஆடல் நாடக இசை அவ்வாறு மீண்டும் உருப்பெற்றுள்ளது.