பல் வைத்தியத்திற்கு ஏற்பட்ட சட்டங்கள்

முள்ளிப்பட்டில் பட்டுச்சேலை வாங்குபவர், சரிகை அசலா போலியா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லிவிட இயலாது. பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து உட்காருபவரின் நிலைமையும் அத்தகையதே. சரிகையில் ஏமாந்தால் பணம் நஷ்டமாகும். அசுத்தமான குறட்டினால் பல்லைப் பிடுங்கினாலோ, தாடையில் சீழ் பிடித்து உயிருக்கே அபாயம் நேரிடலாம்.

இங்கிலாந்தில் 1878-ம் வருஷத்துச் சட்டம் ‘பல் வைத்தியர்’ என்ற பட்டத்தை மாத்திரமே காத்தது. அப்பெயரைப் போட்டுக்கொள்ளாதவர் எவரும் பல்லைப் பிடுங்கிக் கூலி வாங்கத் தடையில்லை! பெயரைக் காத்துத் தொழிலைக் காவாத இக்குறை 1921-ம் வருஷத்துச் சட்டத்தினால்தான் நீங்கிற்று.

சென்னை மாகாணத்தில் 1914-ல் வைத்தியர்களைப் பதிவு செய்யச் சட்டம் பிறந்தது. பல் வைத்தியருக்கெனத் தனிச் சட்டம் அப்பொழுது ஏற்படவில்லை. கல்கத்தாவில் டாக்டர் ரபியுத்தீன் அகமத் 1920-ல் பல் வைத்தியக் கல்லூரியை ஸ்தாபித்தார். வங்காள மாகாணம் 1939-ல் பல் வைத்தியர் சட்டத்தை இயற்றியது. தேசம் முழுமைக்கும் பொதுவான சட்டம் 1948-ல் வந்தது. அடுத்த வருஷம் இந்தியப் பல் வைத்தியக் கவுன்சில் அமைக்கப்பட்டது.

இச்சட்டம் பதிவேட்டை இரு பகுதிகளாக வகுத்தது. அங்கீகாரம் பெற்ற பட்டமுடையவர்கள் ‘ஏ’ பகுதியில் சேர்ந்தனர். பட்டமின்றியும், பதிவு தொடங்குவதற்கு முன் ஐந்து வருஷங்களுக்குக் குறையாமல் இத்தொழிலையே பிரதான ஜீவனோபாயமாகக் கொண்டிருந்தவர்களுக்கு ‘பி’ பகுதியில் இடம் கிடைத்தது. பரம்பரையாகத் தொழில் செய்தவர்களை ஒரே நாளில் தெருவில் நிறுத்தாமல், புதிதாக வருபவர்களுக்கு மட்டும் படிப்பைக் கட்டாயமாக்கியது நியாயமான ஏற்பாடேயாகும். பல் கட்டும் மெக்கானிக்குகளுக்கும் தனிப் பதிவேடு விதிக்கப்பட்டது.

கிராமவாசிகள் கவனிக்கவேண்டிய விதிவிலக்கு ஒன்றும் அதில் உண்டு. பதிவு பெற்ற பல் வைத்தியர் கிடைக்காத அவசர சமயத்தில் எவரும் ஒரு பல்லைப் பிடுங்கலாம். ஆனால் மரத்துப்போகும் மருந்து எதையும் உபயோகிக்கலாகாது. டாக்டர் எளிதில் எட்டாத ஊர்களை எண்ணி வைத்த ஷரத்து இது. சந்தைதோறும் கடை விரித்து ஊசி போட்டுப் பல் பிடுங்குபவருக்கு இது சிறிதும் துணை செய்யாது. செயற்கைப் பல் பொருத்துவதும் சட்டப்படி பல் வைத்தியமே. அதற்கு அவசரம் என்ற சமாதானமும் செல்லாது.

ஆகவே ஐயம் தோன்றினால் வைத்தியரின் பதிவுச் சான்றைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்கலாம்; சங்கத்தின் அங்கத்தினர் ஜாபிதாவைக் கேட்பது எவ்வளவு இயல்போ, அவ்வளவு இயல்பே இதுவும். 1948-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாகப் பார்லிமெண்டு 2023-ல் தேசியப் பல் வைத்தியக் கமிஷன் சட்டத்தை நிறைவேற்றியது. படிப்பை முடித்தவர்கள் பதிவு பெறுவதற்குமுன் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு பரீட்சையில் தேறவேண்டுமென்பதும், தேசியப் பதிவேடு ஒன்று இருக்கவேண்டுமென்பதும் அதன் ஷரத்துக்களில் அடங்கும்.