புதுப் பிள்ளை பிறந்தால் மூத்த பிள்ளைகளின் நஃபகா குறையுமா?

 

நம் மஹல்லாக்களில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்றைப் பற்றிய மஸ்அலாவை இம்மாதம் பார்ப்போம்.

ஒருவர் தம் மனைவியைத் தலாக் சொல்லிப் பிரிந்துவிடுகிறார். பிள்ளைகள் இருவரும் உம்மாவோடு பாட்டன் வீட்டில் வளருகிறார்கள். வாப்பா மாதந்தோறும் செலவுக்குப் பணம் அனுப்பி வருகிறார். பிறகு அவர் மறுமணம் செய்கிறார். ஒரு குழந்தையும் பிறக்கிறது. அந்த மாதத்திலிருந்து பணம் பாதியாகிறது. சில மாதங்களில் அதுவும் நின்றுபோகிறது. ஜமாஅத்தில் அழைத்துக் கேட்டால், "எனக்கு இப்போது வேறு குடும்பம் ஆகிவிட்டது, பச்சைப் பிள்ளை இருக்கிறது, முதலில் இவர்களைத்தானே பார்க்க வேண்டும்?" என்கிறார். சபையில் இருப்பவர்களில் பாதிப்பேர் அது நியாயம்தானே என்று தலையாட்டுகிறார்கள். அது நியாயம்தானா? ஷரீஅத் என்ன சொல்கிறது?

நஃபகா யாருடைய ஹக்கு?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பணம், பிரிந்துபோன மனைவிக்குச் செய்யும் உபகாரமன்று. அது பிள்ளையின் ஹக்கு. இத்தா முடிந்ததும் அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் இருந்த கணவன் மனைவி உறவு முடிகிறது. பிள்ளைக்கும் வாப்பாவுக்கும் உள்ள உறவோ ஒருநாளும் முடிவதில்லை. தலாக்கு மனைவிக்குத்தான், பிள்ளைக்குத் தலாக்கு இல்லை!

பால்குடிப் பிள்ளையின் தாய்க்கு உணவும் உடையும் கொடுப்பது பிள்ளையின் தகப்பன் மீது கடமை என்று அல்லாஹு தஆலா அல்பகரா சூராவில் (2:233) விதிக்கிறான். அதே ஆயத்தில், பிள்ளையைக் காரணமாக்கித் தாயையும் வருத்தக்கூடாது, தகப்பனையும் வருத்தக்கூடாது என்று இரு பக்கத்தாரையும் எச்சரிக்கிறான். தலாக் சூராவிலோ (65:7), வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், கை சுருங்கியவர் அல்லாஹ் தமக்குக் கொடுத்ததிலிருந்தும் செலவு செய்ய வேண்டும் என்கிறான். கை சுருங்கியவருக்கு அளவு குறைகிறது. கடமை நீங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அளவு எவ்வளவு? தம் கணவர் கைச்சிக்கனம் உள்ளவர், போதுமானதைத் தருவதில்லை என்று ஹிந்த் பின்த் உத்பா ரழியல்லாஹு அன்ஹா அவர்கள் முறையிட்டபோது, தமக்கும் தம் பிள்ளைக்கும் போதுமான அளவை நியாயமான முறையில் எடுத்துக்கொள்ளும்படி ரசூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அனுமதித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸ் இது. இதிலிருந்து, பிள்ளையின் நஃபகாவுக்கு அளவு 'போதுமானது' என்பதே என்று இமாம்கள் சட்டம் எடுத்தார்கள்.

வரிசையில் யார் எங்கே நிற்கிறார்கள்?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளில் செலவுக்கு ஒரு வரிசை சொல்லப்பட்டிருக்கிறது. முதலில் தான்; அடுத்து மனைவி; அதற்கடுத்து சொந்தச் சொத்து இல்லாத சிறு பிள்ளைகள்; பிறகு தாய், தகப்பன் என்று அது செல்கிறது. தமக்கும் மனைவிக்கும் அன்றைய இரவு பகலுக்குத் தேவையானது போக மிஞ்சுவதிலிருந்துதான் பிள்ளைகளின் செலவு கடமையாகிறது.

"பார்த்தீர்களா, மனைவிக்குத்தானே முதலிடம்!" என்று நம் சகோதரர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அந்த முதலிடம் மனைவிக்கு மட்டும் உரியது. அவருடைய மடியில் இருக்கும் குழந்தைக்கு உரியதன்று! குழந்தை பிள்ளைகளின் வரிசையில் நிற்கிறது. அந்த வரிசையில் அதற்கு முன்பே இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். மூவரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள்; மூவருக்கும் ஒரே படித்தரம். எந்தத் தாய் வயிற்றில் பிறந்தது, எந்த வீட்டில் உறங்குகிறது என்பதைக் கொண்டு ஷரீஅத் பிள்ளைகளைத் தரம் பிரிக்கவில்லை.

மனைவிக்குரிய முதலிடத்துக்கும் எல்லை உண்டு. வசதியுள்ளவர் மனைவிக்கு நாளொன்றுக்கு 2 முத்து தானியம், நடுத்தரமானவர் ஒன்றரை முத்து, ஏழை 1 முத்து என்று கணவனின் நிலைக்கேற்ப ஷாஃபிஈ இமாம்கள் அளவு வைத்தார்கள். அதனுடன் குழம்பு, உடை, இருப்பிடம் முதலியவையும் உண்டு. அந்தக் கடமைக்கு மேல் வாங்கும் நகையும் அலங்காரப் பொருளும் கணவனின் அன்பளிப்பேயன்றி மனைவியின் நஃபகா அல்ல. அன்பளிப்பைக் காட்டிப் பிள்ளையின் கடமையைத் தள்ளிப்போட முடியாது.

ஒரே படித்தரத்தில் உள்ள பிள்ளைகளுக்குப் பணம் போதாமல் போனால், இருப்பதை அவர்களுக்குள் பங்கிட வேண்டும். ஒரு பிள்ளை நோயாளியாகவோ பால்குடியாகவோ இருந்து தேவை கடுமையாக இருந்தால், அதைக் கவனித்து முற்படுத்தலாம். ஆகவே கைக்குழந்தையின் பாலுக்கும் மருந்துக்கும் முதலில் கொடுப்பது குற்றமில்லை. அதைச் சாக்காக வைத்து மூத்த பிள்ளைகளின் சோற்றை நிறுத்துவதுதான் குற்றம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணமாக ஒருவருக்கு மாதச் சம்பாத்தியம் ரூ. 24,000 என்று வைத்துக்கொள்வோம். வாடகை உட்பட அவர் வீட்டுச் செலவு ரூ. 15,000. மூத்த பிள்ளைகள் இருவருக்கும் ரூ. 7,000 அனுப்புகிறார். ரூ. 2,000 மிச்சம். குழந்தை பிறந்ததும் மாதம் ரூ. 3,000 கூடுதல் செலவாகிறது. என்ன செய்வது?

முதலில் மிச்சமாகும் ரூ. 2,000 குழந்தைக்குச் செல்ல வேண்டும். குறைவது ரூ. 1,000 மட்டுமே. அடுத்து, வீட்டுச் செலவில் தேவையற்றது எது என்று பார்க்க வேண்டும். வெளிச் சாப்பாடு, புகை, தவணையில் வாங்கிய ஆடம்பரப் பொருள் ஆகியவற்றில் ஆயிரம் ரூபாய் அகப்படாத வீடு அரிது. அதிலும் அகப்படாவிட்டால், உடலில் வலுவுள்ளவர் கூடுதலாக உழைக்க வேண்டும். சம்பாதிக்கச் சக்தியுள்ளவர் இந்த நஃபகாவுக்காகச் சம்பாதிப்பது கடமை என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் சரியான சொல். கடனுக்காக எந்தச் சொத்து விற்கப்படுமோ, அது இந்த நஃபகாவுக்காகவும் விற்கப்படும் என்றும் கிதாபுகளில் உள்ளது.

இவ்வளவும் செய்த பிறகும் உண்மையாகவே போதவில்லையா? அப்போது ஆயிரம் ரூபாய்க் குறைவை மூன்று பிள்ளைகளும் தத்தம் தேவைக்கேற்பத் தாங்கட்டும். தூரத்தில் இருக்கும் இருவர் மட்டும் தாங்கக்கூடாது. ஏழாயிரத்தை மூவாயிரமாக்குவதும், அடியோடு நிறுத்துவதும் எந்தக் கணக்கில் வரும்?

சகோதரர்களே! அகீகாவையும் சிந்தியுங்கள். அகீகா சக்தியுள்ளவருக்குச் சுன்னத்து. ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடு சிறந்தது. ஒன்று கொடுத்தாலும் சுன்னத்து நிறைவேறும். மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம் பாக்கியிருக்க, கடன் வாங்கி ஊர் கூட்டி பிரியாணி போடுவது கடமையை விட்டுச் சுன்னத்தைப் பிடிப்பதாகும். மேலும், தம் சிறு பிள்ளைகளுக்கு ஜகாத் பணத்தைக் கொடுத்து அதை நஃபகாவில் கழிக்க முடியாது. அந்த ஜகாத்தும் கூடாது. நஃபகாவும் தலைமேல் நிற்கும்.

உம்மா மறுமணம் செய்தால்?

இதன் மறுபக்கமும் உண்டு. பிரிந்த பெண் வேறொருவரை நிக்காஹ் செய்து, அங்கே அவளுக்கு ஒரு குழந்தை பிறக்கிறது. "இனி அந்த மனிதர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று வாப்பா கையை உதறுகிறார். இதுவும் தவறு. அந்நியரை மணந்தால் பிள்ளையை வளர்க்கும் ஹளானத் உரிமையில்தான் தாய்க்கு மாற்றம் வருகிறது. தகப்பனின் நஃபகா கடமையில் வருவதில்லை. மாற்றுத் தகப்பன் அன்பினால் செலவு செய்தால் அவருக்கு நற்கூலி உண்டு. அவர் மீது அது கடமை இல்லை. அபூஸலமாவின் பிள்ளைகளுக்குத் தாம் செலவு செய்வதில் நற்கூலி உண்டா என்று உம்மு ஸலமா ரழியல்லாஹு அன்ஹா அவர்கள் கேட்டபோது, உண்டு என்றே நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பதில் சொன்னார்கள்.

தகப்பனாருக்கு உண்மையாகவே எந்த வழியும் இல்லையானால், ஷாஃபிஈ சட்டப்படி பொறுப்பு தகப்பனைப் பெற்ற பாட்டனாரிடம் செல்கிறது. அவரும் இல்லாவிட்டால்தான் தாயிடம் வருகிறது. "என் மகனைக் கேளுங்கள்" என்று சொல்லும் வசதியுள்ள பாட்டனார்கள் இதைக் கவனிக்கட்டும்.

நாட்டுச் சட்டமும் ஜமாஅத்தும்

நம் நாட்டில் 1973-ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் இருந்த ஜீவனாம்ச விதி, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144-வது பிரிவில் இருக்கிறது. முஸ்லிம் பிள்ளைகளும் அதன்படி தகப்பனிடம் ஜீவனாம்சம் பெறலாம் என்று 1997-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ மனுச் செய்ய 146-வது பிரிவில் வழி உண்டு. உத்தரவு இருக்கும்போது, குழந்தை பிறந்துவிட்டது என்று தாமாகவே நிறுத்திக்கொள்ள அனுமதி இல்லை.

தாய்மார்கள் ஒரு மஸ்அலாவை அறிந்திருக்க வேண்டும். மனைவியின் நஃபகா பாக்கி கடனாக நிற்கும். பிள்ளையின் நஃபகாவோ, காழி விதித்திருந்தாலோ அவர் அனுமதியோடு கடன் வாங்கிச் செலவழித்திருந்தாலோ தவிர, கடந்த நாட்களுக்குக் கடனாக நிற்காது என்பது ஷாஃபிஈ சட்டம். கொடுக்காத தகப்பனின் பாவம் நீங்காது; ஆனால் பழைய பாக்கியைக் கேட்பது கடினமாகிவிடும். ஆகையால் வருடக் கணக்கில் பொறுத்திருந்துவிட்டுப் பின்னால் முறையிட வேண்டாம். பணம் குறைந்த முதல் மாதமே முறையிடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளும் தலாக்கைப் பதிவு செய்யும் அன்றே பிள்ளைகளின் செலவை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

புதிதாக வாழ வந்த சகோதரிக்கும் ஒரு சொல். நுஃமான் பின் பஷீர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு அவர்களின் தகப்பனார் ஓர் அன்பளிப்பைக் கொடுத்தார்கள். அதற்கு நாயகத்தைச் சாட்சியாக்க வேண்டும் என்று தாயார் விரும்பினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று கேட்டு, இல்லை என்று அறிந்ததும் சாட்சியாக நிற்க நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மறுத்துவிட்டார்கள். அன்பளிப்பிலேயே இவ்வளவு நீதி வேண்டுமென்றால், பசிக்குச் சோறு கொடுப்பதில் எவ்வளவு நீதி வேண்டும்! உங்கள் குழந்தைக்கு அந்த மூத்த பிள்ளைகள் உடன்பிறப்புகள். நாளை அவர்கள் தகப்பனாரின் ஜனாஸாவை ஒன்றாகச் சுமக்க வேண்டியவர்கள்; அவர் சொத்தில் ஒன்றாக வாரிசுகளாக நிற்பவர்கள். இன்றே அவர்களைப் பகையாக்கி வைக்காதீர்கள்.

தன் பொறுப்பில் உள்ளவர்களைக் கைவிடுவது ஒன்றே ஒருவன் பாவியாவதற்குப் போதும் என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு அல்லாஹ் ரிஜ்கைக் கொடுத்தே அனுப்புகிறான். அதன் பங்கை அதன் காக்காவிடமிருந்தும் லாத்தாவிடமிருந்தும் பிடுங்கிக் கொடுக்கும்படி அவன் நம்மிடம் சொல்லவில்லை.

வல்ல நாயன் நம் பிள்ளைகள் அனைவரிடத்திலும் நீதமாக நடக்க நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.