பழைய ஜிப்ஸி வாங்கலாமா? எண்ணூர் உப்புக்காத்துல ஒரு மாசக் கணக்கு



1940-கள் கடைசியிலேயே எண்ணூர்ல மோட்டார் ஃபேக்டரி வந்தாச்சு, அதுதான் இன்னைக்கு அசோக் லேலண்ட். 1955-ல திருவொற்றியூர்ல புல்லட் வந்துச்சு. அதனால நம்ம ஏரியா பசங்களுக்கு இன்ஜின் சத்தத்து மேல பாசம் இருக்கிறதுல ஆச்சரியம் இல்ல. "அண்ணா, 45,000 சம்பளம். 3 லட்சத்துக்கு ஒரு 2002 மாடல் ஜிப்ஸி வருது. பர்சனல் லோன் போட்டு வாங்கிடவா?" இந்த மாதிரி ஒரு ஆசை உங்களுக்கு இருந்தா, இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

மாருதி ஜிப்ஸி 1985 கடைசியில வந்த வண்டி. பெரிய 1.3 லிட்டர் இன்ஜினோட 'ஜிப்ஸி கிங்' 1996-ல வந்துச்சு. 2019-ல பொதுமக்களுக்கு விக்கிறதை நிறுத்திட்டாங்க. புதுசா கிடைக்காது, அதனாலதான் பழசுக்கு இவ்வளவு கிராக்கி.

வாங்குற விலை வெறும் நுழைவுச் சீட்டு

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். மாசம் 300 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய்னு வச்சுக்கோங்க. ஒரு வருஷச் செலவு:

- பெட்ரோல்: 36,000
- தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் (3,416 + 18% ஜிஎஸ்டி): 4,031
- ஆர்சி புதுப்பிப்பு, வருஷப் பங்கு: 2,000
- ஆயில், சர்வீஸ்: 15,000
- துரு தடுப்பு வேலை: 10,000
- டயர், பேட்டரிக்கு ஒதுக்குறது: 6,500
- திடீர் ரிப்பேர்: 30,000

மொத்தம் 1,03,531. மாசத்துக்கு சுமார் 8,600 ரூபாய்.

இதுல பெட்ரோலைக் கழிச்சுப் பாருங்க. வண்டியை வாசல்ல நிறுத்தி வச்சிருந்தாலே மாசம் 5,600 ரூபாய் போகும். ஓட்டாட்டியும் ஓடுற மீட்டர் இது.

இப்ப லோனைச் சேருங்க. இவ்வளவு பழைய வண்டிக்கு பேங்க்ல கார் லோன் கிடைக்கிறது கஷ்டம், அதனாலதான் பர்சனல் லோன் பக்கம் போறோம். 3 லட்சம், 14% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ 10,253. வட்டி மட்டும் சுமார் 69,000. ரெண்டும் சேர்ந்தா மாசம் கிட்டத்தட்ட 18,900. 45,000 சம்பளத்துல இது 42%. இதுக்கு மேல வீட்டு வாடகை, அப்பா அம்மாவுக்குக் குடுக்கிறது, எஸ்ஐபி எல்லாம் எங்கிருந்து வரும்?

எண்ணூர்ல துருதான் கூட்டு வட்டி

கோயம்புத்தூர்ல இருக்கிறவருக்கும் நமக்கும் இங்கதான் வித்தியாசம். கடல் காத்துல வர்ற உப்பு இரும்பு மேல உக்காந்து ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், துரு வேகமாப் பிடிக்கும். சாம்பலும் தூசியும் அதோட சேர்ந்து அடியில ஒட்டிக்கும்.

ஜிப்ஸில பாடி தனி, சேஸிஸ் தனி. பாடி தகரம் போனா மாத்திக்கலாம். சேஸிஸ் போனா வண்டியே போச்சு. அது உள்ளே கூடா இருக்கிறதால துரு உள்ளிருந்து தின்னும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும். சேஸிஸ் நம்பரும் அந்த இரும்புலதான் அடிச்சிருக்கு. நம்பரைத் துரு தின்னுட்டா ஆர்சி புதுப்பிக்கும்போது பெரிய தலைவலி.

ரெண்டு தப்பு மட்டும் பண்ணாதீங்க. ஒண்ணு, போர் தண்ணில கழுவுறது. நம்ம பக்கம் பல இடத்துல நிலத்தடி நீரே உப்பு. உப்பைக் கழுவ உப்பையே ஊத்துற கதைதான். நல்ல தண்ணி பிடிச்சு, முக்கியமா அடிப்பாகத்தைக் கழுவுங்க. ரெண்டாவது, பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுறது. ஈரம் உள்ளேயே நிக்கும். காத்து போற மாதிரி கூரை இருந்தா போதும்.

இன்னொண்ணு, ஃபோர் வீல் இருக்கேன்னு கடற்கரை மணல்ல இறக்காதீங்க. ஆக்சிலுக்குள்ள உப்புத்தண்ணி போனா பேரிங் காலி. அதோட ஜனவரி முதல் மார்ச் வரை நம்ம கரையில பங்குனி ஆமை முட்டையிட வர்ற காலம்.

சாதா காரை விட என்ன கூடுதல் வேலை?

இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல்னு அஞ்சு இடத்துல ஆயில் பாக்கணும். காய்ஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டு ஓட்டக் கூடாது. திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடும், அந்த வித்தியாசத்தை விட்டுக் குடுக்க நடுவுல டிஃபரன்ஷியல் இல்ல. பாரம் முழுக்க கியர் மேல விழும். 1.3 இன்ஜின் எஸ்டீம் கார்லயும் வந்த குடும்பம்ங்கிறதால இன்ஜின் சாமானுக்கு அலைய வேண்டியதில்ல. முன் ஆக்சில், டிரான்ஸ்ஃபர் கேஸ் சாமானுக்குத்தான் புதுப்பேட்டையில கடை கடையா ஏறி இறங்கணும். 'திடீர் ரிப்பேர் 30,000' அதுக்குத்தான்.

பேப்பர்ல கவனிக்க வேண்டியது

1. ஆர்சி எப்ப முடியுது? 15 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல கட்டணம் 600-ல இருந்து 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின கார்களுக்கு 10,000 ஆக்கினாங்க. லேட் ஆனா மாசத்துக்கு 500. பசுமை வரி தனி.
2. இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்சியோட ஒத்துப்போகுதா? அனுமதி வாங்காம இன்ஜின் மாத்தின வண்டின்னா, விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் வேண்டாம். கிளெய்ம் வரும்போது அதுவே சிக்கலாகும்.
3. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டா திருட்டுக்கும் வெள்ளத்துக்கும் ஒரு பைசா வராது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தைப் பாத்த ஊர் நாம, இதை மறக்க வேண்டாம். 1,500 சிசி தாண்டின ஜீப்னா தேர்ட் பார்ட்டி பிரீமியமே 7,897 ரூபாய், அதுக்கு மேல ஜிஎஸ்டி.

அப்ப வாங்கவே கூடாதா?

வாங்கலாம், ஆனா வரிசை மாறக் கூடாது.

முதல்ல ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்டு, ஹெல்த் இன்ஷூரன்ஸ். ரெண்டாவது, தனி அக்கவுண்ட்ல மாசம் 10,000 போடுங்க. 30 மாசத்துல 3 லட்சம், வட்டி கட்டாம கையில நிக்கும். அந்த 30 மாசமும் உங்களுக்கு ஒரு பரீட்சைதான். மாசம் 10,000 எடுத்து வைக்க முடியலைன்னா, மாசம் 8,600 செலவு வைக்கிற வண்டியையும் தாங்க முடியாது. மூணாவது, வாங்கின பிறகும் அந்த அக்கவுண்ட்டை மூடாதீங்க. பெட்ரோல் போக மீதி 5,600 மாசாமாசம் அதுல விழணும். ரிப்பேர் வந்தா கிரெடிட் கார்டைத் தேட வேண்டாம்.

வாங்கப் போற அன்னைக்கு ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச், கூடவே நம்பிக்கையான ஒரு மெக்கானிக். பானெட்டைத் திறக்குறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க. மேட்டைத் தூக்கி ஃப்ளோரைத் தட்டிப் பாருங்க. காந்தம் ஒட்டலைன்னா அங்க இரும்பு இல்ல, பட்டி இருக்கு.

இந்த வண்டியை முதலீடுன்னு மட்டும் உங்களை நீங்களே ஏமாத்திக்காதீங்க. இது பொழுதுபோக்கு. ஞாயித்துக்கிழமை காலையில கையில கிரீஸோட ஒரு டீ குடிக்கிற சந்தோஷத்துக்கு மாசம் 8,600 குடுக்குறோம்னு தெரிஞ்சு குடுத்தா, அதுல தப்பே இல்ல. தெரியாம குடுத்தாதான் கடன்.