சனிக்கிழமைக் கணக்குக்கு ஒரு ஆப்

அன்புள்ள தங்கைக்கு,

திருப்பூரின் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் அத்தனையையும் கம்பெனிகளோடு இணைக்கும் ஆப் ஒன்று செய்ய ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கணக்கு எழுதும் தையல் யூனிட்டான பவர் டேபிளிலேயே தொடங்குங்கள். பீஸ் ரேட் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஒரு டி-சர்ட்டுக்குத் தோள் சேர்ப்பதும் கை வைப்பதும் ஓவர்லாக் மெஷினில், அடி மடிப்பது பேட்லாக் மெஷினில். ஒவ்வொன்றுக்கும் தனி ரேட், ஸ்டைல் மாறினால் அதுவும் மாறும். சனிக்கிழமை சம்பளம் போடும்போது, வெட்டிய துணிக் கட்டான ஒரே பண்டிலை இரண்டு பேர் தங்களுடையது என்பார்கள். பஞ்சப்படிக்காக 1984இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. இங்கே நோட்டில் விடுபடும் ஒவ்வொரு பீஸும் ஒருவருடைய கூலி.

கோடிங் இப்போது வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் மூன்று தாள் போடுங்கள்: ஆட்கள், வேலையும் ரேட்டும், தினக் கணக்கு. தினக் கணக்கில் தேதி, பெயர், பண்டில் நம்பர், வேலை, பீஸ். கூடவே அன்றைய ரேட்டும் அதே வரியில் பதிவாக வேண்டும். இதைத்தான் புதிதாகச் செய்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். ரேட் ஒரு தாளில் மட்டும் இருந்தால், நீங்கள் அதை மாற்றும் நாளில் பழைய வாரங்களின் சம்பளமும் சேர்ந்து மாறிப்போகும். ஒரே பண்டிலுக்கு ஒரே வேலை இரண்டாம் முறை வந்தால் ஆப் கேள்வி கேட்கட்டும். தடுக்க வேண்டாம், பண்டிலைப் பிரித்துத் தைத்திருக்கலாம். எழுதிய வரியை யாராலும் அழிக்க முடியக்கூடாது. திருத்தம் தனி வரியாக வரட்டும்.

தாள் சரியாக வந்தபின், கூகுள் 2020இல் வாங்கிய ஆப்ஷீட் அதையே போனில் ஓடும் ஆப்பாக்கித் தரும். நெட் இல்லாதபோது பதிந்ததும் பிறகு போய்ச் சேர்ந்துகொள்ளும். நம் சோஹோவின் கிரியேட்டரும் இந்த வகைதான், 2006 முதல் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கற்க விரும்பினால் எம்ஐடி ஆப் இன்வென்டர் இலவசம். கட்டளைகளைக் கட்டங்களாக அடுக்கியே ஆப் செய்யலாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன். முதலாளி பார்க்கும் திரையைச் செய்வதற்கு முன்னால் டைலர் பார்க்கும் திரையைச் செய்யுங்கள். இன்று எத்தனை பீஸ், இந்த வாரம் எவ்வளவு ரூபாய் என்பது தமிழில், பெரிய எழுத்தில். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உங்கள் டேபிளில் இருந்தால் அவர்கள் மொழியிலும். தன் கணக்கைத் தானே பார்க்க முடிகிறவர் அன்றைக்கே தவறைச் சொல்லிவிடுவார், சனிக்கிழமை வரை அது வளராது. ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் தெரியாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டும் ஆப்பும் சில வாரங்கள் சேர்ந்தே ஓடட்டும். இரண்டின் கூட்டலும் ஒத்துப்போனபின் பக்கத்து டேபிளுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

பிளே ஸ்டோர் அதற்கப்புறம். பதிவுக்கட்டணம் 25 டாலர், ஒரே முறை. புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர் 12 பேரைக் கொண்டு 14 நாள் தொடர்ந்து சோதித்தாக வேண்டும். அந்த 12 பேர் உங்கள் டேபிளிலேயே இருப்பார்கள்.

அன்புடன்,
அண்ணன்